விளையாட்டுவழி மென்திறன் பயிற்சி: இரண்டு நாட்களும் அதன் பிறகு ஆறு வாரங்களும்

எங்கள் அலுவலகத்தில் குறைதீர்ப்புப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒரே தளத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் ஒரு வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கோப்பு ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலைந்து மின்னஞ்சல்கள் போய் வந்து, இரு தரப்பிலும் மனக்கசப்பு மிஞ்சுவது வழக்கமாகிவிட்டது. இரு பிரிவுகளிலும் சேர்த்து 24 பேருக்குப் பொறுப்பு வகிக்கும் நான், இதைச் சரிசெய்வதற்காக முன்பே இரண்டு முறை மென்திறன் பயிற்சிக்கு, அதாவது பேசுவது, கேட்பது, சேர்ந்து வேலை செய்வது போன்ற திறன்களுக்கான பயிற்சிக்கு, ஏற்பாடு செய்திருக்கிறேன். இரண்டும் திரையில் படங்களைக் காட்டி நிகழ்த்தப்பட்ட உரைகள். பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் மறு வாரத்தில் யாருக்கும் எதுவும் நினைவில்லை. ஆகவே மூன்றாம் முறை, விளையாட்டுகளையும் செயல்பாடுகளையும் மட்டுமே கொண்டு பயிற்சி அளிக்கும் ஒரு நிறுவனத்தை இரண்டு நாட்களுக்கு அமர்த்தினேன். அந்தப் பயிற்சி முடிந்து இப்போது ஆறு வாரங்கள் ஆகின்றன. அன்று மாலையே இந்த மதிப்பீட்டை எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டுரையாக இருந்திருக்கும். அலுவலகத்தில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டு நாட்களில் ஏழு செயல்பாடுகள் நடந்தன. அவற்றில் மூன்றின் பயன் எங்கள் வேலையில் இன்றும் தெரிகிறது. மூன்று, அந்த நேரத்து மகிழ்ச்சியோடு நின்றுவிட்டன. ஒன்று, எங்கள் சகபணியாளர் ஒருவரைப் புண்படுத்தியது. பயன் தந்தவற்றையும் தராதவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விளையாட்டின் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. விளையாடி முடித்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டது, அந்தப் பேச்சைப் பயிற்றுநர் எப்படி நடத்தினார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984இல் விளக்கிய அனுபவவழிக் கற்றலில் நான்கு படிகள் உண்டு: ஒன்றைச் செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுக் கருத்துக்கு வருவது, அக்கருத்தை வேறோர் இடத்தில் செயல்படுத்திப் பார்ப்பது. விளையாட்டு என்பது இவற்றில் முதல் படி மட்டுமே. மற்ற மூன்று படிகளையும் உரையாடல்தான் தாங்க வேண்டும். நாங்கள் அமர்த்திய நிறுவனம் இதை நன்கு அறிந்திருந்தது என்பதற்கு முதல் நாள் முற்பகல் சான்று. அறிந்தும் கைவிட்டது என்பதற்கு அன்று பிற்பகலே சான்று.

தொடக்கத்தில் வழக்கமான அறிமுக விளையாட்டு. ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி இரண்டு உண்மைகளையும் ஒரு பொய்யையும் சொல்ல, மற்றவர்கள் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வேலை செய்பவர்களுக்கு இதற்காக நாற்பது நிமிடங்கள் ஒதுக்கியது அதிகம். பத்து நிமிடங்களில் முடித்திருக்கலாம்.

அடுத்து வந்தது தட்டும் விளையாட்டு. இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடலை மனத்துக்குள் பாடிக்கொண்டே அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாடலைச் சொல்ல வேண்டும். தட்டுவதற்கு முன், எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவாரா என்று ஒரு தாளில் குறித்து வைக்கச் சொன்னார் பயிற்றுநர். பன்னிரண்டு இணைகளில் ஒன்பது இணைகளில் தட்டியவர் ‘கண்டுபிடித்துவிடுவார்’ என்று எழுதியிருந்தார். கண்டுபிடித்தது ஒரே ஓர் இணை. அதன் பிறகுதான் இந்த விளையாட்டின் மூலத்தைச் சொன்னார்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990இல் செய்த முனைவர் பட்ட ஆய்வில் 120 பாடல்கள் தட்டப்பட்டன, கேட்டவர்கள் சரியாகச் சொன்னவை 3 மட்டுமே, ஆனால் தட்டியவர்கள் பாதியாவது புரிந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். இந்த எண்களை முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லோரும் எச்சரிக்கையாகிவிட்டிருப்பார்கள். தாங்களே ஏமாந்த பிறகு கேட்டதால் அவை மனத்தில் தைத்தன.

எனக்கு அடுத்த மேசையில் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். எங்கள் மூத்த பணியாளர் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த இளைஞருக்குப் பிடிபடவில்லை. அவர் மறுபடி தட்டினார், இம்முறை இன்னும் பலமாக. பிறகு உள்ளங்கையால் தட்டினார். “இதுகூடவா தெரியவில்லை, தம்பி?” என்று கேட்டபோது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவருடைய காதில் பாடல் முழுமையாக ஒலித்துக்கொண்டிருந்தது. இளைஞருக்குக் கேட்டதோ வெறும் தட்டல். உரையாடலின்போது அந்த இளைஞர் அமைதியாக ஒன்றைச் சொன்னார்: “நாம் மின்னஞ்சலிலும் இதைத்தான் செய்கிறோம், சார். புரியவில்லை என்று பதில் வந்தால், முதலில் எழுதிய அதே வரியைத் தடித்த எழுத்தில் போட்டு மறுபடி அனுப்புகிறோம்.” அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தாம் அனுப்பிய அப்படியொரு மின்னஞ்சலாவது நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு மூன்று நினைவுக்கு வந்தன.

அதன் பிறகு வந்த ‘உடைந்த சதுரங்கள்’தான் இந்த இரண்டு நாட்களின் உச்சம் என்பேன். குழுக்களுக்குள் தகவல் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர் அலெக்ஸ் பாவெலஸ் அமைத்த ஐந்து சதுரப் புதிரிலிருந்து வளர்ந்த செயல்பாடு இது. ஒரு மேசைக்கு ஐந்து பேர். ஆளுக்கோர் உறை, எல்லா உறைகளிலும் சேர்த்து 15 அட்டைத் துண்டுகள். முடிவில் ஐவர் முன்பும் ஒரே அளவுள்ள ஒவ்வொரு சதுரம் இருக்க வேண்டும். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, இன்னொருவரிடமிருந்து துண்டை எடுக்கவும் கூடாது. கொடுக்க மட்டுமே செய்யலாம். 24 பேரில் இருபது பேர் நான்கு மேசைகளில் அமர, மீதி நால்வர் மேசைக்கு ஒருவராகப் பார்வையாளர் பொறுப்பை ஏற்றார்கள். பார்வையாளருக்குத் தனியே ஒரு குறிப்புத் தாள் தரப்பட்டிருந்தது. யார் முதலில் கொடுத்தார், யார் தம் துண்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்றெல்லாம் அவர் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டை மனமார வரவேற்கிறேன். விளையாட விரும்பாதவருக்கும் மதிப்பான ஒரு வேலை இதில் கிடைக்கிறது.

இந்தப் புதிரின் நுட்பம் என்னவென்றால், சில துண்டுகளைத் தவறாகச் சேர்த்தாலும் ஒரு சதுரம் அமைந்துவிடும்; ஆனால் அந்தச் சதுரம் அப்படியே இருக்கும்வரை மற்றவர்களின் சதுரங்கள் எந்நாளும் முடியா. நான் பார்த்துக்கொண்டிருந்த மேசையில் கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஓர் அம்மையார் இரண்டே நிமிடங்களில் சதுரத்தை முடித்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். மற்ற நால்வரும் மாற்றி மாற்றித் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டார்கள். எதுவும் சேரவில்லை. சுமார் பத்து நிமிடங்கள் இப்படியே கழிந்தன. ஒரு கட்டத்தில் அவர் முன்னால் நகர்ந்து பக்கத்தில் இருந்தவரின் துண்டுகளைப் பார்த்தார், பிறகு தம் சதுரத்தைப் பார்த்தார். விரல் நுனியால் அதன் மூலையிலிருந்த முக்கோணத்தை மெல்லத் தள்ளிவிட்டார். அதற்குப் பின் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து சதுரங்களும் அமைந்துவிட்டன.

பயிற்றுநர் அவரைப் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. “அந்தப் பத்து நிமிடங்களில் உங்கள் கண்ணில் பட்டது என்ன?” என்று மட்டும் கேட்டார். அவர் சற்று யோசித்து, “எதுவும் படவில்லை. என் வேலை முடிந்துவிட்டது என்று இருந்தேன்” என்றார். யாரும் பேசவில்லை. பயிற்றுநரும் அந்த மௌனத்தைக் கலைக்க முற்படவில்லை. நல்ல பயிற்றுநருக்கு இது எவ்வளவு பெரிய திறமை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து ஒரு குரல் வந்தது: “மாதக் கடைசியில் நாங்கள் துண்டுகளை வைத்துக்கொண்டு இப்படித்தான் நிற்கிறோம், அக்கா.” அதற்கு அவர் கோபப்படவில்லை. மாதக் கடைசியில் கணக்குகளை முடித்துப் பூட்டுவது தம் பிரிவுக்கு ஒரு நிறைவான சதுரம் போன்றது என்றும், பூட்டிய பிறகு வரும் கோரிக்கை எதுவானாலும் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுவது மற்றவர்களை எப்படி நிறுத்திவைக்கிறது என்று தாம் பார்த்ததில்லை என்றும் சொன்னார். விளையாட்டு நீடித்தது இருபது நிமிடங்களுக்குள். உரையாடல் நீடித்தது முப்பத்தைந்து நிமிடங்கள். இரு பிரிவுகளுக்கும் நான் நடத்திய எந்தக் கூட்டத்திலும் இந்தப் பேச்சு எழுந்ததில்லை. நேரடியாகச் சொன்னால் குற்றச்சாட்டாகிவிடும் ஒன்று, அட்டைத் துண்டுகளைப் பற்றிய பேச்சாக வந்ததால் இரு தரப்பும் கேட்க முடிந்தது.

ஒரு சிறு குறை: விதிகள் வாய்மொழியாக மட்டுமே சொல்லப்பட்டன. ஒரு மேசையில் ‘எடுக்கக் கூடாது’ என்பதைச் சரியாகக் கேட்காமல், ஆளுக்காள் எடுத்து நான்கே நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்த விளையாட்டே இல்லாமல் போயிற்று. மேசைக்கோர் அட்டையில் விதிகளை அச்சிட்டு வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

அன்று பிற்பகல், சமைக்காத ஸ்பகெட்டி என்னும் மெல்லிய மாவுக் குச்சிகளால் கட்டும் ஸ்பகெட்டிக் கோபுரம். வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கி, டாம் வூஜெக் 2010இல் ஆற்றிய உரையால் உலகமெங்கும் பரவிய செயல்பாடு இது. 20 ஸ்பகெட்டிக் குச்சிகள், ஒரு கெஜம் ஒட்டுநாடா, ஒரு கெஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற மென்மையான இனிப்பு). 18 நிமிடங்களில், மார்ஷ்மெல்லோவை உச்சியில் தாங்கி நிற்கும் உயரமான கோபுரத்தை எழுப்ப வேண்டும். மழலையர் பள்ளிக் குழந்தைகள் வணிக மேலாண்மைப் பட்டதாரிகளைவிட உயரமாகக் கட்டுகிறார்கள் என்பது வூஜெக் எடுத்துக்காட்டிய செய்தி. குழந்தைகள் தொடக்கத்திலிருந்தே மார்ஷ்மெல்லோவை மேலே வைத்து வைத்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். பெரியவர்களோ திட்டம் தீட்டி, கட்டி முடித்து, கடைசி நொடியில் வைத்து, அதன் கனம் தாங்காமல் சாய்வதைப் பார்க்கிறார்கள். பேசுவதற்கு எவ்வளவோ இடம் தரும் செயல்பாடு. எங்களுக்கு அது பரிசுப் போட்டியாக நடத்தப்பட்டது. இசை உரக்க ஒலித்தது, திரையில் கடிகாரம் ஓடியது, வென்ற குழுவுக்குப் பரிசு தந்து படம் எடுத்தார்கள். முற்பகல் நிகழ்ச்சிகள் நீண்டுவிட்டதால் உரையாடலுக்கு ஐந்து நிமிடங்கள்தான் மிஞ்சின. அந்த ஐந்து நிமிடங்களிலும் “இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்னவென்றால்” என்று தொடங்கிப் பயிற்றுநரே பேசி முடித்தார். கோபுரம் சாய்ந்த மூன்று குழுக்களுக்கும், தாங்கள் எந்த நொடியில் எதைக் கவனிக்கத் தவறினோம் என்று சொல்வதற்கு வாய்ப்பே வரவில்லை. அந்தச் செயல்பாட்டைப் பற்றி இன்று கேட்டால், யார் வென்றார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வேறொன்றும் நினைவில்லை.

இரண்டாம் நாள் காலை ‘நிலவில் தொலைந்தோர்’ என்ற முடிவெடுக்கும் பயிற்சி. உளவியலாளர் ஜே ஹால் உருவாக்கியது. விண்கலம் தாய்க்கலத்திலிருந்து 200 மைல் தள்ளி நிலவில் விபத்துக்குள்ளாகிவிட்டது. எஞ்சிய 15 பொருட்களை முக்கியத்துவ வரிசையில் அடுக்க வேண்டும். முதலில் தனித்தனியே, பிறகு குழுவாக. நாசா வல்லுநர்களின் வரிசையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டினால் மதிப்பெண். குறைவாக இருந்தால் நல்லது. வாக்கெடுப்பு கூடாது, சராசரி எடுக்கக் கூடாது, சண்டையைத் தவிர்ப்பதற்காக மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற ஹாலின் நெறிகளைப் பயிற்றுநர் முன்கூட்டியே அச்சிட்டுத் தந்தார்; முதல் நாள் பிழையைத் திருத்திக்கொண்டார் என்று மகிழ்ந்தேன்.

நான் கவனித்த குழுவின் மதிப்பெண் 38. அந்தக் குழுவிலேயே ஒருவர் தனியே எடுத்திருந்த மதிப்பெண் 22. அவர் பணியில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆன இளம்பெண். நிலவில் காற்று இல்லாததால் தீக்குச்சி எரியாது, அதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னதை நானே கேட்டேன். “குளிருக்கு நெருப்பு வேண்டாமா, அம்மா?” என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சிரிக்க, பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. தீக்குச்சி அவர்கள் பட்டியலில் ஆறாம் இடம் பெற்றது. மதிப்பெண்களைப் பலகையில் எழுதியதும் அந்த மேசையில் நிலவிய அமைதியைப் பயிற்றுநர் நன்றாகப் பயன்படுத்தினார். அந்தப் பெண்ணை எழுப்பிப் பேச வைக்காமல், மற்றவர்களைப் பார்த்து, “உங்களில் ஒருவருக்குச் சரியான விடை தெரிந்திருக்கிறது. அது பட்டியலுக்கு வராமல் நின்றது எந்த இடத்தில்?” என்று கேட்டார். சிரித்தவரே முதலில் கை தூக்கி, “என் சிரிப்பில்” என்றார். இளையவர்கள் ஏன் கூட்டங்களில் பேசுவதில்லை என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது அன்று தெரிந்தது.

இதன் பிறகு கடுமையாகப் பேசும் வாடிக்கையாளரைச் சமாளிக்கும் நடிப்புப் பயிற்சி நடந்தது. எழுதிக் கொடுத்த உரையாடல்கள் எங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை, ஆதலால் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் நம்பிக்கைப் பயிற்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, மற்றவர் குரலால் மட்டும் அவரை நாற்காலிகளுக்கு இடையே நடத்திச் செல்ல வேண்டும். எங்கள் சகபணியாளர் ஒருவர் தாம் இதில் கலந்துகொள்ளவில்லை என்று சொன்னார். “வாங்க மேடம், ஒன்றும் ஆகாது” என்று பயிற்றுநர் அழைத்தார். அவர் மறுபடியும் மறுக்க, பயிற்றுநர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். இருபதுக்கும் மேற்பட்டோர் கைதட்ட, அவர் எழுந்து கண்ணைக் கட்டிக்கொண்டார். நான்கு அடி நடந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு மூட்டில் வலி இருந்தது. தடுக்கி விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் இருந்தது. அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல அவர் விரும்பவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. கைதட்டல் தொடங்கியதுமே நான் எழுந்து நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அன்று மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல் நாள் பார்வையாளர் பொறுப்பை அவ்வளவு அழகாக அமைத்திருந்த நிறுவனம், மறு நாள் மறுத்தவரைக் கைதட்டி எழுப்பியதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம்பிக்கையை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் செயல்பாட்டில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லையென்றால், அங்கே வளர்வது நம்பிக்கை ஆகாது.

முடிவில் கருத்துப் படிவம் தந்தார்கள். அரங்கம் எப்படி, பயிற்றுநர் எப்படி, மகிழ்ச்சியாக இருந்ததா என்ற கேள்விகள். பெரும்பாலோர் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். பயிற்சியின் பயனை நான்கு நிலைகளில் அளக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதினார்: பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் முறை மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைந்தது என்ன. அந்தப் படிவம் முதல் நிலையைத் தாண்டவில்லை. கோபுரத்துக்கும் சதுரங்களுக்கும் அதில் கிடைத்தது ஒரே மதிப்பெண். பயிற்சிக்குப் பிந்தைய தொடர்ச் சந்திப்பு எதுவும் அவர்கள் திட்டத்தில் இல்லை. அந்த வேலையை நாங்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

இந்த ஆறு வாரங்களில் நான் கண்டவை இவை. கணக்குப் பிரிவில் மாதத்தின் கடைசி நான்கு நாட்களில் தினமும் காலை பதினொரு மணிக்கு அந்த அம்மையார் எழுந்து வந்து, “யாருக்கு எந்தத் துண்டு வேண்டும்?” என்று கேட்கிறார். கணக்கைப் பூட்டும் முன் நிலுவைக் கோரிக்கைகள் அப்போதே தீர்கின்றன. ‘துண்டு’ என்ற சொல் எங்கள் தளத்தில் இப்போது இரு பிரிவுக்கும் பொதுவான சொல்லாகிவிட்டது. வாராந்திரக் கூட்டத்தில் எந்த முடிவுக்கும் முன்னால் ஒவ்வொருவரும் தம் கருத்தை இரண்டு வரிகளில் எழுதிய பிறகே பேசத் தொடங்குகிறோம்; பணியில் இளையவர் முதலில் வாசிக்கிறார். மின்னஞ்சல்களில் மாற்றம் பாதிதான். தடித்த எழுத்துகள் குறைந்திருக்கின்றன, ஆனால் வேலை நெருக்கும் நாட்களில் பழைய வழக்கம் திரும்பிவிடுகிறது.

இத்தகைய பயிற்சிக்கு ஒரு நிறுவனத்தை அமர்த்த நினைப்பவர்கள், என்னென்ன விளையாட்டுகள் என்ற பட்டியலைக் கேட்பதற்கு முன், கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் அடுத்து, குறைந்தது அது எடுக்கும் நேரத்துக்குச் சமமாகவாவது உரையாடலுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று செயல்பாடுகளுக்கு மேல் இருந்தால் நேரம் போதாது. மறுப்பவரை எப்படி நடத்துவீர்கள் என்று பயிற்றுநரிடமே நேரில் கேளுங்கள். விடையில் தயக்கம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். 24 பேருக்கு ஒரே பயிற்றுநர் என்பதும் போதாது. நான்கு மேசைகளில் நடப்பதை ஒருவரால் பார்க்க முடியாது என்பதால்தான் ஒரு மேசை விதியை மீறியது பயிற்றுநருக்கு அப்போது தெரியவில்லை.

அதே நிறுவனத்தை மீண்டும் அழைப்பேனா என்று என் மேலாளர் கேட்டார். அழைப்பேன் என்று சொல்லி, நிபந்தனைகளையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை ஒரு நாள் மட்டும், செயல்பாடுகள் மூன்று, பயிற்றுநர்கள் இருவர், கண்கட்டு கிடையாது, எல்லாச் செயல்பாடுகளிலும் கேள்வி கேட்காமல் பார்வையாளராக அமரும் உரிமை, ஆறு வாரம் கழித்து அரை நாள் தொடர்ச் சந்திப்பு. தொடர்ச் சந்திப்பைத் தவிர மற்ற அனைத்துக்கும் அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதற்கான பதிலுக்குக் காத்திருக்கிறேன். அது வரும்வரை தேதி குறிக்கப் போவதில்லை.